கீலில் பட்ட சூடு

அதை எங்கள் வீட்டில் வீடியோ கேம் என்றுதான் சொன்னோம். டிவியில் மாட்டி விளையாடுவது அல்ல, உள்ளங்கையில் அடங்குவது. பவுடர் டப்பாவைப் போல மூடித் திறக்கலாம். திறந்தால் மேல்பாதியில் ஒரு சின்னத் திரை, கீழ்ப்பாதியில் ஒரு சின்னத் திரை. மேல் திரையில் ஒருவன் மாடியிலிருந்து மூட்டைகளை உருட்டிவிடுவான். அவை விளிம்பைத் தாண்டிக் கீழ்த் திரைக்கு விழும். கீழே நிற்பவனைப் பொத்தானை அழுத்தி இடமும் வலமும் நகர்த்தி, மூட்டை தரையைத் தொடுவதற்குள் பிடிக்க வேண்டும். விளையாட்டே அவ்வளவுதான்.

என் மனைவியின் தம்பி சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் வேலையில் இருந்தார். அவருடைய மகன் விளையாடிச் சலித்துப் போட்டதை, லீவில் வந்தபோது என் மகளுக்குக் கொடுத்தார். அவள் அப்போது ஆறாம் வகுப்பு. பழைய பொருள் என்று எங்களில் யாரும் நினைக்கவில்லை. விழுப்புரத்தில் எங்கள் தெருவில் அப்படி ஒன்றை யாரும் பார்த்ததே கிடையாது. போதாததற்கு அது தாய்மாமன் கையால் கொடுத்தது. என் மனைவி அதை ஷோகேஸில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். மகள் வீட்டுப்பாடம் முடித்த பிறகு அரைமணி நேரம் எடுத்து விளையாடலாம் என்று ஏற்பாடு.

கொடுத்த அன்று சாப்பிடும்போது மைத்துனர் சொன்னார்: "அங்கல்லாம் ரிப்பேருன்ற பேச்சே கிடையாது மாமா. போச்சுன்னா தூக்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்கினு போய்க்கினே இருப்பான்."

"இங்க நாங்க எதையும் ரிப்பேர் பண்ணிடுவோம் மச்சான்" என்றேன்.

பெருமையாகத்தான் சொன்னேன். நான் திண்டிவனத்தில் ஓர் அலுவலகத்தில் எழுத்தர். காலை பாசஞ்சரில் போய் மாலை பாசஞ்சரில் திரும்பும் மனிதன். வெளிநாடு போனவர் முன்னால் பெருமையாகச் சொல்லிக்கொள்ள என்னிடம் வேறொன்றும் இருக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மகள் அதை என்னிடம் கொண்டுவந்தாள். அவளாகவே வந்து சொன்னாள். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒளிக்கவில்லை.

"அப்பா, இந்த மூலையில விரிசல் வுட்டுக்கினு இருக்குது பாரு. தொறந்தா ஒரு பக்கமா சாயுது. நீ சரி பண்ணிடுவல்ல?"

வாங்கிப் பார்த்தேன். இரண்டு பாதிகளையும் சேர்க்கும் கீல் பிளாஸ்டிக்கினால் ஆனது. இடது பக்கக் கீலில் தலைமுடி அளவுக்கு ஒரு கோடு. திறந்து மூடித் திறந்து மூடி வந்த விரிசல்.

"குடு. நாளைக்குப் பாக்கறேன்" என்றேன்.

எங்கள் தெருவுக்கு மாதம் ஒருமுறை பிளாஸ்டிக் குடம் ஒட்டுகிறவர் வருவார். கரி அடுப்பில் ஓர் இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி, குடத்தின் விரிசல் மேல் பழைய பிளாஸ்டிக் துண்டை வைத்து இழுப்பார். புகையும் நாற்றமும் வரும், குடம் மறுபடி தண்ணீர் தாங்கும். எங்கள் வீட்டுக் குடங்கள் எல்லாம் அப்படித் தழும்போடுதான் இருந்தன. பிளாஸ்டிக் என்றால் சூடு வைத்து ஒட்ட வேண்டியது. எனக்குத் தெரிந்தது அதுதான். பசை வாங்கி ஒட்டலாம் என்றுகூடத் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் ஒரு வளைகாப்புக்குப் போயிருந்தார்கள். நான் பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஸ்க்ரூ டிரைவரின் நுனியைச் சிவக்கக் காய்ச்சினேன். உடைந்த சோப்பு டப்பாவிலிருந்து ஒரு துண்டு எடுத்துக்கொண்டேன். கீலின் மேல் வைத்து இழுத்தேன். அழகாக உருகி ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் மேடாக இருந்ததைப் பிளேடால் சீவினேன். திறந்தேன், மூடினேன். சாயவில்லை. அந்த ஒரு நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

பொத்தானை அழுத்தினேன். கீழ்த் திரையில் ஆள் வந்தான். மேல் திரை வெறுமையாக இருந்தது.

குலுக்கினேன். பொட்டு போன்ற சின்ன பேட்டரிகளைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். மேல் திரை வரவில்லை. கீழேயிருந்து மேலே போகிற இணைப்பு அந்தக் கீலின் உள்ளேயேதான் போகிறது என்பது எனக்குத் தெரியாது. அதன் தலையில்தான் நான் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைத்து அழுத்தியிருக்கிறேன்.

வாசலில் கேட் சத்தம் கேட்டது. அவசரமாக மூடி ஷோகேஸில் வைத்தேன். ஸ்டவ்வை அணைத்து ஜன்னலைத் திறந்துவிட்டேன்.

மகள் செருப்பைக் கழற்றிய கையோடு ஓடிப்போய் எடுத்தாள். "ஒட்டிட்டியாப்பா? சாயவே இல்ல" என்றாள். அப்புறம் பொத்தானை அழுத்தினாள். "அப்பா, மேல வரலையே."

சமையலறையிலிருந்து மனைவி, "இன்னாடி ஆச்சு?" என்று கேட்டபடி வந்தாள். மகள் என்னைப் பார்த்தாள். மனைவியும் என்னைப் பார்த்தாள்.

நான் சொன்னது இதுதான்: "நேத்து எதையாவது போட்டு அழுத்திட்டியா? கீலு மட்டுந்தான் நான் பார்த்தேன். உள்ள இருக்கறது எனக்கு இன்னா தெரியும்?"

முன்கூட்டி யோசித்துச் சொன்ன பொய் இல்லை. ஆனால் வாயிலிருந்து வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க எனக்கு நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

"நான் ஒண்ணும் அழுத்தலப்பா" என்றாள்.

மனைவி அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். "தாய்மாமன் ஆசையா குடுத்தத மூணு மாசம் ஒழுங்கா வச்சிக்கத் துப்பில்ல. அடுத்த ஞாயித்துக்கிழம அவன் மறுபடி லீவுல வர்றான். எந்த மூஞ்ச வச்சிக்கினு காட்டுவ?" இன்னொரு அடி.

"நான் அழுத்தலம்மா" என்று மறுபடி சொன்னாள். நான் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அவள் பாதி விளையாட்டை விளையாடினாள். மூட்டை மேலே உருளும்போது டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். அதை எண்ணி, மூட்டை எந்தப் பக்கம் விழும் என்று ஊகித்து, கீழ் ஆளை நகர்த்துவாள். பாதிக்குப் பாதி பிடித்துவிடுவாள். நான் கட்டிலில் உட்கார்ந்து அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டிருப்பேன். சொல்லிவிடலாம் என்று தோன்றும். மைத்துனர் வந்து போகட்டும் என்று தோன்றும். இரண்டாவதுதான் ஜெயிக்கும்.

சனிக்கிழமை எங்கள் அலுவலகம் மதியத்தோடு முடியும். ஒன்றரை மணி வாக்கில் திண்டிவனத்தில் பாசஞ்சர் ஏறினேன். பேரணி ஸ்டேஷனில் வண்டியை நிறுத்திப் போட்டார்கள். ஒற்றைப் பாதை, எதிர்வண்டி வந்து கடந்தால்தான் இது கிளம்பும். வெயில் தகரத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. எதிர்வண்டி வந்து பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றபோது, எல்லோரும் செய்வது போல அதன் ஜன்னல்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வண்டி கிளம்பியது.

வீட்டு வாசலில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"பொண்ணு இன்னும் வூட்டுக்கு வரலைங்க. அரைநாள் பள்ளிக்கூடம் வுட்டு ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆவுது."

உள்ளே போய் ஷோகேஸைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இடம் காலியாக இருந்தது. சட்டையைக்கூட மாற்றாமல் தெருவில் இறங்கினேன்.

அவளோடு படிக்கும் பெண் இரண்டு தெரு தள்ளி இருந்தாள். "பையில வச்சிக்கினு இருந்தா மாமா. ரிப்பேர் பண்ணிக்கினு வர்றேன்னு சொன்னா. எங்கன்னு சொல்லல" என்றாள். விழுப்புரத்துக் கடைத்தெருவில் வாட்ச் ரிப்பேர் கடைகள் ஒவ்வொன்றாக ஏறி இறங்கினேன். பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டை, இரட்டைச் சடை என்று சொல்லிச் சொல்லி என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்டது. ஸ்டேஷன் பக்கத்து ரேடியோ கடைக்காரர்தான் தலையை நிமிர்த்தினார்.

"முந்தாநாளு வந்துது சார் அந்தப் பொண்ணு. நான் தொடமாட்டேன்னுட்டேன். கீலுக்குள்ள வயரு போவுது, கண்ணாடி ஃப்ரேம் பாக்கறவங்க கை இருந்தாதான் அத நோண்ட முடியும்னு சொன்னேன். இங்க யாரும் இல்லன்னும் சொன்னேன். ஏன் சார், இன்னும் வூட்டுக்கு வரலியா?"

எனக்குப் புரிந்துவிட்டது. முந்தின கோடை விடுமுறையில் என் மூக்குக் கண்ணாடியின் காது மடக்குகிற இடம் உடைந்தது. திண்டிவனம் பஸ் நிலையத்துக்கு எதிரே மாடிப்படிக்குக் கீழே ஒருவர் கண்ணாடி ஃப்ரேம் ரிப்பேர் செய்வார். மகளையும் கூட்டிப் போயிருந்தேன். ஊசி மாதிரி ஒரு பித்தளைக் கம்பியை அவர் உள்ளே இறக்கியதை அவள் கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடியின் காதும் கீல்தான், வீடியோ கேமில் இருப்பதும் கீல்தான். பதினோரு வயதுப் பெண்ணுக்கு அந்தக் கணக்குப் புரிந்திருக்கிறது. கூடவே அவள் அப்பா வேலை பார்க்கும் ஊருக்கு, அப்பாவுக்குத் தெரியாமல் போக வேண்டும் என்றும் தோன்றியிருக்கிறது.

அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்ததால் பஸ் ஏறினேன். விக்கிரவாண்டி தாண்டியபோதுதான் பேரணியில் பக்கத்தில் வந்து நின்ற வண்டி நினைவுக்கு வந்தது. அவள் அதில் இருந்திருக்கிறாள். கை நீட்டினால் தொடும் தூரத்தில். நான் ஜன்னல் ஜன்னலாகப் பார்த்திருக்கிறேன், யாரையும் பார்க்கவில்லை.

எழுந்து போய்க் கண்டக்டரிடம், "கொஞ்சம் ஜல்தியா போகச் சொல்லுப்பா" என்றேன்.

"இன்னா சார் பேஜாரு பண்ற. பஸ்ஸு இன்னா பறக்குமா?" என்றவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உக்காரு சார், உக்காரு. போய்டலாம்" என்றார். மயிலம் பிரிவில் நின்று ஆள் ஏற்றினார்கள். கரும்பு வண்டி ஒன்று வழியை மறித்தது. தண்டவாளம் சாலைக்கு அருகில் வரும் இடங்களிலெல்லாம் நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன். பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

அவள் மாடிப்படிக்குக் கீழே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பள்ளிப் பை. பக்கத்தில் குடித்து வைத்த டீ கிளாஸ். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் அவள் தலையில் கைவைத்தேன், தோளில் கைவைத்தேன்.

ஃப்ரேம் ரிப்பேர்காரருக்கு என் வயதுதான் இருக்கும். "வாங்க சார். உங்க ஆபீசுக்கு ஆளு அனுப்பினேன். பூட்டிட்டாங்கன்னு வந்து சொன்னான். பொம்பளப் புள்ளைய எப்படித் தனியா ரயில்ல ஏத்தி அனுப்பறது? அதான் உக்கார வச்சிக்கினு இருந்தேன். நீங்க வரலன்னா நானே கொண்டாந்து வுட்டிருப்பேன்" என்றார்.

கையெடுத்துக் கும்பிட்டேன்.

அவர் வீடியோ கேமை எடுத்துக் காட்டினார். என் சோப்பு டப்பா மேட்டை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட்டு, கீலுக்குள் மெல்லிய பித்தளை ஊசி ஒன்றை ஓட்டியிருந்தார். திறந்தால் நின்றது, மூடினால் டக்கென்று உட்கார்ந்தது. புதிதாக வந்தபோதுகூட அவ்வளவு சுத்தமாக மூடியிராது.

"கீலு ஓகே சார். ஆனா மேல வராது. இதோ பாருங்க, ஃபிலிம் மாதிரி ஒரு பட்டை போவுது இல்ல, அது வெந்து கருகிப்போச்சு. எந்த மகராசன் சார் இதுல சூடு வச்சது? குடம் ஒட்டற மாதிரி ஒட்டி வச்சிருக்கான்." சிரித்தார். "பாப்பாவயும் கேட்டேன். தெரியாதுன்னுடுச்சி."

மகள் சுவரில் தொங்கிய ஃப்ரேம்களைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். முன்பின் பழக்கமில்லாத மனிதர், ஒரு சிரிப்போடு போயிருக்கும். அதைக்கூடச் சொல்லவில்லை.

சாயங்கால பாசஞ்சரில் ஜன்னல் ஓரம் உட்காரவைத்து, அவித்த மல்லாட்டை ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். ஒலக்கூர்ப் பக்கம் சந்தைக்குப் போய்த் திரும்புகிற கூட்டம் எதிர்ப் பெஞ்சில் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது. அது எங்களுக்கு வசதியாக இருந்தது.

"ஏம்மா என்கிட்ட சொல்லாம வந்த?"

"உள்ள இருக்கறது உனக்குத் தெரியாதுன்னு சொன்னியே."

கடலையின் தோலை உரித்தாள். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "ஸ்க்ரூ டிரைவர் நுனியில கருப்பா ஒட்டிக்கினு இருந்துது. அன்னிக்கே பார்த்தேன். வூடு பூரா நாத்தம் வேற."

"அப்ப அம்மா அடிக்கறப்ப ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவன்னு இருந்தேன்."

அப்புறம் மயிலம் வந்தது, பேரணி வந்தது. "மேல வந்துடுச்சின்னா யாரும் எதுவும் சொல்லத் தேவையில்ல இல்ல? அதான் போனேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கை எப்படிப் போட்டேன் என்று விளக்குவது போலச் சொன்னாள்.

வீட்டில் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே, "எதுக்குடி போன, எதுக்குடி போன" என்று உலுக்கினாள். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"நான்தாம்மா ஒடச்சேன். அதான் சரி பண்ணிக்கினு வரலாம்னு போனேன்."

நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றேன். மனைவி இப்போதுதான் அழுது ஓய்ந்திருக்கிறாள், நாளைக்குச் சொல்லலாம் என்று எனக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். எனக்குக் காரணங்கள் எப்போதும் சீக்கிரம் கிடைத்துவிடும்.

மறுநாள் மைத்துனர் வந்தார். சாப்பிட்டு முடித்ததும் மனைவி தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். அவர் சத்தமாகச் சிரித்தார். "அது அங்கியே விரிசல் வுட்டது அக்கா. சூட்கேஸ்ல எடம் இருந்துது, எடுத்துக்கினு வந்தேன். அதுக்கா இந்தப் புள்ளைய அழ வச்ச?" என்னைப் பார்த்து, "இன்னா மாமா, எதையும் ரிப்பேர் பண்ணிடுவோம்னீங்க?" என்றார்.

அப்போது சொன்னேன். ஆனால் சொன்ன விதம் இருக்கிறதே. ஸ்டவ்வையும் ஸ்க்ரூ டிரைவரையும் சோப்பு டப்பாவையும் வேடிக்கைக் கதையாக்கி, குடம் ஒட்டுகிறவர் போலக் குந்தி உட்கார்ந்து நடித்தே காட்டினேன். மகளுக்குத் தெரியாமல் நான் செய்த முட்டாள்தனம், அவள் பாவம் தானே உடைத்ததாக நினைத்துக்கொண்டாள் என்று முடித்தேன். தெரிந்தே அவள் மேல் பழியைப் போட்டதை விட்டுவிட்டேன். மைத்துனர் கண்ணில் நீர் வரும் அளவுக்குச் சிரித்தார். மனைவியும் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு கை கழுவப் போனாள்.

அந்தக் கதை எங்கள் உறவில் பரவிவிட்டது. கல்யாண வீடுகளில் என்னைப் பார்த்தால், "இன்னா மாமா, எங்க வூட்ல ஒரு குடம் ஓட்டையா இருக்குது, வர்றீங்களா?" என்பார்கள். நானும் சிரிப்பேன்.

தூக்கம் மட்டும் சரியில்லாமல் போனது. அவள் பள்ளியிலிருந்து வர பத்து நிமிஷம் தாமதமானால் தெருமுனைக்குப் போய் நிற்பேன். வண்டி பேரணியில் கிராசிங்குக்காக நிற்கும்போதெல்லாம் எழுந்து நின்று எதிர்வண்டியின் ஜன்னல்களை ஒன்றுவிடாமல் பார்ப்பேன். கூட வருகிறவர்கள் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டு ஓய்ந்துவிட்டார்கள்.

அரைப் பரீட்சை லீவில் ஒருநாள் அவளுடைய பள்ளிப் பையைத் தூக்கியபோது உள்ளே இருந்ததெல்லாம் தரையில் கொட்டியது. ஜிப் முழுக்கப் பிய்ந்திருந்தது. மூன்று ஊக்குகள் குத்தி அதைப் பிடித்துவைத்திருந்தாள். ஊக்குகள் துருவேறியிருந்தன. பல வாரங்களாக அப்படித்தான் சுமந்துபோயிருக்கிறாள்.

"ஏம்மா சொல்லல? குடு, தையக்காரர் கிட்ட குடுத்து மாத்திக்கினு வர்றேன்."

"பரவால்லப்பா. இருக்கட்டும்" என்று புத்தகங்களைப் பொறுக்கினாள்.

முன்பெல்லாம் பென்சில் முனை ஒடிந்தால்கூட என்னிடம் ஓடிவருகிற பெண் அவள். நானும் தரையில் உட்கார்ந்தேன். "அன்னிக்கு நீ அழுத்தலன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சிதான் உன் மேல போட்டேன்" என்றேன். நடிப்பு எதுவும் இல்லாமல் முதல் தடவையாகச் சொன்னேன்.

அவள் ஊக்கை மறுபடி குத்தியபடி, "என்கிட்ட ஏம்பா சொல்ற? எனக்குத்தான் தெரியுமே. அம்மாகிட்ட சொல்லு" என்றாள்.

மனைவி பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். போய்ச் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். கையில் பிழிந்த துணியோடு அப்படியே நின்றாள்.

"அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"அன்னிலேர்ந்து."

"அடிச்சப்பவே தெரியுமா?"

நான் தலையாட்டினேன். அவள் தன் வலது கையைப் பார்த்தாள். துணியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே உள்ளே போனாள். உள்ளே மனைவி ஏதோ கேட்பதும் மகள் தணிந்த குரலில் பதில் சொல்வதும் கேட்டது. என்ன பேசினார்கள் என்று இதுவரை இருவரும் என்னிடம் சொன்னதில்லை. உள்ளே போக எனக்குத் தைரியம் வரவில்லை. மீதித் துணியை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.